வாளைத் தேய்க்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆயுத பூசைக்கு மறுநாள் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு படம் வெளியாகியிருந்தது. ஊர்க்கோயில் ஒன்றின் பழைய வாள்கள் ஏழெட்டைத் துலக்கி, வாழையிலையில் வரிசையாகக் கிடத்தி, ஒவ்வொன்றின் மீதும் சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தார்கள். புளியும் செங்கல் பொடியும் போட்டு இரண்டு நாள் தேய்த்ததாகப் படத்தின் கீழே பூசாரி பெருமையோடு சொல்லியிருந்தார். அவருடைய பக்தியில் குறை காண எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்தப் பளபளப்பைக் கண்டதும் எங்கள் வீட்டு வாள் ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் தாய்வழிப் பாட்டனார் வீட்டில், குலதெய்வப் பெட்டிக்குள் இரண்டு வாள்கள் இருந்தன. மாசிக் களரி என்னும் குலதெய்வத் திருவிழாவுக்கு மட்டும் வெளியே எடுப்பார்கள். மற்ற நாளெல்லாம் பட்டுத்துணி சுற்றிப் பெட்டியில் கிடக்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன், துருப்பிடித்த வாளைச் சாமிக்கு முன்னால் வைப்பது குற்றம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, என் பெரிய மாமா அவற்றில் ஒன்றைப் பக்கத்து ஊரில் பித்தளைப் பாத்திரங்களுக்கு மெருகு போடும் பட்டறையில் கொடுத்தார். அரை மணி நேர வேலை, இருநூறு ரூபாய் கூலி. வாங்கி வர நானும் உடன் போயிருந்தேன். புதுத் தம்ளர் போல மின்னிய வாளைப் பட்டறைக்காரர் இரு கைகளாலும் தூக்கிக் கொடுத்து, “உள்ளே நல்ல இரும்புங்க, மேலே இருந்த அழுக்கெல்லாம் எடுத்துவிட்டேன்” என்றார். அவர் எடுத்துவிட்ட அழுக்கு என்ன என்பதை, முந்தைய ஆண்டு களரியில் கைப்பேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்துகொண்டேன். கைப்பிடியை ஒட்டி, அலகின் மேல், நெல்மணி அளவில் ஒரு குடைச் சின்னமும் அதன் கீழே ஒரு வரி எழுத்தும் தங்கக் கம்பியால் பதிக்கப்பட்டிருந்தன. இப்போது அந்த இடத்தில் என் முகம் தெரிகிறது.

எழுத்து என்ன மொழி என்றுகூடப் படத்திலிருந்து சொல்ல முடியவில்லை. செய்தவன் பெயரோ, உடையவன் பெயரோ, ஆண்டோ, எதுவாக இருந்தாலும் அது போய்விட்டது. பழைய வாள்களைச் சேகரிக்கும் நண்பர் ஒருவரிடம் காட்டினேன். அவர் வாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது இனி வாள் வடிவில் உள்ள எஃகு, இதற்கு மேல் நான் என்ன சொல்ல?” என்றார். கடுமையான சொல்தான். ஆயினும் அவர் சொன்னதன் பொருள் எனக்குப் பிறகு மெல்ல விளங்கியது.

நம் பகுதியின் பழைய எஃகைப் பற்றி நாம் மேடைகளில் பேசுவது ஏராளம். மண்ணால் செய்த மூசை என்னும் உருக்குக் குடுவைக்குள் இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்கட்டையையும் எருக்கிலையையும் வைத்து, வாயை மண்ணால் அடைத்து, உலையில் பல மணி நேரம் துருத்தி ஊதி எஃகு எடுக்கும் முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேலம் வட்டாரத்தில் நேரில் கண்டவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நொய்யல் கரைக் கொடுமணலில் மூசைகளும் உலைகளும் அகழ்ந்து எடுக்கப்பட்டன. ‘உக்கு’ என்றும் ‘உருக்கு’ என்றும் தென்னாட்டில் வழங்கிய பெயரே ஆங்கிலேயர் வாயில் ‘வூட்ஸ்’ ஆயிற்று என்பர். 1795-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் அதைப் பற்றி ஆய்வுரை அளித்தார். கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே, மின்காந்த ஆய்வுகளால் புகழ் பெறுவதற்கு முன்னரே, 1819-இல் இந்த எஃகைப் பகுத்துப் பார்க்க முனைந்தார். அதில் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு கரிமம் இருக்கும். கட்டியை மெதுவாக ஆறவிட்டு, சூட்டைக் கட்டுக்குள் வைத்து அடித்து நீட்டினால், இரும்பும் கரிமமும் சேர்ந்த கார்பைடுத் துகள்கள் அடுக்கடுக்காக வரிசை கட்டி நின்று, அலகின் மேல் நீரோட்டம் போன்ற கோலத்தைத் தருகின்றன. அவை அப்படி வரிசையில் நிற்பதற்கு வனேடியம் போன்ற தனிமங்கள் நுண்ணளவில் இருப்பதே காரணம் என்பதைக் கடந்த நூற்றாண்டின் இறுதியில்தான் அமெரிக்க ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள்.

இவ்வளவு பெருமையும் மேடையில் இருக்க, அந்த எஃகால் ஆன பொருள் ஒன்று நம் கைக்கு வரும்போது அதை அடையாளம் கண்டுகொள்ள நமக்குத் தெரியவில்லை. என் குறை இதுதான். பெட்டியில் எஞ்சியிருக்கும் இரண்டாவது வாளை ஒரு மழை நாள் மாலையில் சன்னலோரம் கொண்டுபோய், மெல்லிய எந்திர எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் ஒரு விரற்கடை அளவு மட்டும் துடைத்துச் சாய்த்துப் பார்த்தேன். நேராகப் பிடித்தால் வெறும் சாம்பல் நிறம். சற்றே சாய்த்தால், கம்மாய்த் தண்ணீரில் மேல்காற்று படும்போது எழும் சிற்றலை போல் ஏதோ ஒன்று ஓடி மறைந்தது. பெட்டியில் கிடந்த காலமெல்லாம் எங்கள் வீட்டில் ஒருவரும் அதை ஒரு முறைகூடச் சாய்த்துப் பார்த்ததில்லை.

மெருகுப் பட்டறைக்குப் போன வாளிலும் அந்த நீரோட்டம் இருந்திருக்கலாம். நீரோட்டம் மேற்பூச்சு அன்று. எஃகின் உடம்பு முழுதும் ஊடுருவி நிற்பது. ஆகவே கை தேர்ந்த ஒருவர் மெலிந்த அமிலத்தால் அதை மீண்டும் வெளிக்கொணர முடியும் என்கிறார் என் நண்பர். எனினும் மெருகுச் சக்கரத்தின் உராய்வில் அலகு நீலம் பாய்ந்து சூடேறியிருந்தால் வாளின் பதம் அந்த இடத்தில் கெட்டிருக்கும். தங்க எழுத்தோ எந்த அமிலத்துக்கும் திரும்பி வராது. (இதைப் படித்துவிட்டு எவரும் வீட்டில் அமிலம் தேடப் புறப்பட வேண்டாம். புளியும் எலுமிச்சையும் அமிலங்களே. அவை செய்த கேடு போதும்.)

வீட்டில் பழைய வாள் வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியவற்றை, அறிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட அளவில் இங்கே சொல்லி விடுகிறேன். வெறுங்கையால் அலகைத் தொட்டால் வியர்வையின் உப்பு அங்கேயே தங்கி, சில நாட்களில் விரல் ரேகை வடிவிலேயே துருப்பிடிக்கும். ஈரச் சந்தனமும் குங்குமமும் அலகின் மேல் இரவெல்லாம் இருந்தால், பொட்டு வைத்த இடத்தில் குழி விழும். பொட்டைக் கைப்பிடியிலோ வாள் கிடக்கும் பலகையிலோ வைத்தால் தெய்வம் கோபித்துக்கொள்ளாது என்றே நம்புகிறேன். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுக்கேறித் தூசியைப் பிடித்துவைக்கும். அதற்குத் தையல் எந்திர எண்ணெய் மேல். தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆகவே உறையைத் தனியாகவும் வாளைத் தனியாகவும் வைக்க வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தல்வார் எனப்படும் வட இந்திய வகை வளைந்த வாள்களில் கைப்பிடிக்குள் நுழையும் காம்பைப் பெரும்பாலும் அரக்கு ஊற்றித்தான் இறுக்கியிருப்பார்கள். வெந்நீரில் கழுவினாலோ வெயிலில் காய வைத்தாலோ அரக்கு இளகி, கைப்பிடி கையோடு வந்துவிடும். நம் தென்னாட்டு வாள்களில் பலவற்றுக்கு வேறு அமைப்பு. கைப்பிடியிலிருந்து இரண்டு தகடுகள் நீண்டு வந்து அலகை இருபுறமும் கவ்விப் பிடிக்க, ஊடே ஆணி அடித்து முறுக்கியிருப்பார்கள். அந்த ஆணிகளைத் தளர்த்திப் பார்க்கும் ஆவல் எனக்கும் வந்ததுண்டு, அடக்கிக்கொண்டேன்.

ஜப்பானில் வாளின் காம்பில் படிந்த கருந்துருவை எவரும் தொட மாட்டார்கள். செய்தவர் பெயரைக் காம்பில் வெட்டி வைப்பது அங்கே மரபு. அதன் மேல் படிந்த துருவின் நிறத்தையும் தடிப்பையும் கொண்டே வயதைக் கணிப்பார்கள். துருவைச் சுரண்டிய வாளுக்கு மதிப்பு பெரிதும் குறைந்துவிடும். 1945-இல் போரில் தோற்றபின் ஆக்கிரமிப்புப் படையினர் அந்நாட்டு மக்களிடமிருந்து வாள்களை மூட்டை மூட்டையாகப் பறிமுதல் செய்தபோது, இவை ஆயுதம் மட்டுமல்ல, கலைப்பொருள்களும்கூட என்று அறிஞர்கள் வாதாடி எஞ்சியவற்றைக் காப்பாற்றினார்கள். 1948-இல் வாள் பாதுகாப்புக்கென ஒரு கழகம் அமைத்து, கொண்டுவரும் வாளை ஆராய்ந்து, இது இன்ன காலத்தது, இன்ன மரபினர் செய்தது என்று சான்றிதழ் கொடுக்கத் தொடங்கினார்கள். அரசின் பதிவோ தனி. அதைச் செய்வது காவல் துறை அன்று, அந்தந்த மாநிலக் கல்வி வாரியம். பதிவுச் சீட்டு உடையவர் பெயரைப் பின்தொடராமல் வாளைப் பின்தொடர்கிறது. வாள் கைமாறினால் சீட்டும் உடன் செல்லும். புதியவர் 20 நாட்களுக்குள் தெரிவித்தால் போதும். ஆயுதத்தைப் பற்றி மிகுந்த கட்டுப்பாடு உள்ள நாடு அது. அங்கேயே இது முடிகிறதென்றால் நம் நாட்டில் ஏன் முடியாது என்ற கேள்வி எனக்குள் எழுகிறது.

நம் சட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் வீட்டில் வாள் இருக்கிறது என்று வாய் திறந்து சொல்லவே மக்கள் அஞ்சுகிறார்கள். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுள்ள வாள், கட்டாரி (குத்துவாள்) முதலியவை ஆயுதங்கள் என வகைப்படுத்தப்பட்டுள்ளன. வீட்டுப் பயனுக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் செய்தவை விலக்கு. துப்பாக்கி அல்லாத ஆயுதங்களை வைத்திருக்க உரிமம் தேவையா என்பது, மத்திய அரசு அந்தப் பகுதிக்கு அறிவிக்கை வெளியிட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தது என்று அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. பழைய வாள் என்றால் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. 100 ஆண்டுகளுக்குக் குறையாத வாள் தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வணிகமாக விற்பவருக்கு உரிமம் வேண்டும். வெளிநாட்டில் குடியேறிய உறவினர் வரவேற்பறையில் மாட்டுவதற்குக் கேட்டார் என்று பெட்டியில் வைத்துக் கட்டுபவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

இவையெல்லாம் நான் சட்டப் புத்தகத்தைப் புரட்டித் தெரிந்துகொண்டவை. அதற்கு முன் ஓர் அரசு அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டேன். முதல் மேசையில் இருந்தவர், “வாளா? உடனே நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள்” என்றார். இரண்டாவது மேசையில், “சாமி வாள்தானே, ஒன்றும் வேண்டாம், யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள்” என்றார்கள். மூன்றாவது மேசைக்காரர் விடுப்பில் இருந்தார். ஒப்படைத்துவிடுங்கள் என்ற சொல்லைக் கேட்டு, இரவோடு இரவாகக் கிணற்றில் போட்டவர்களையும் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டவர்களையும் நான் அறிவேன்.

எடைக்குப் போடுவது நமக்குப் புதிதும் அன்று. 1855-இல் தஞ்சையின் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் வாரிசின்றி மறைந்து, அரசு கம்பெனி வசமானபின், அரண்மனை ஆயுதசாலையில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருந்த படைக்கலன்களில் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. தேர்ந்தெடுத்த சிலவே சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. தென்னாட்டுக் கட்டாரிகள் எவ்வளவு நுட்பமானவை என்பதை உலகம் அறிவது பெரும்பாலும் அப்படித் தப்பியவற்றால்தான். கையை மறைக்கும் பாய்மரம் போன்ற வளைந்த தகடு, அதன் நுனியில் யாளி முகம், குறுக்குப் பிடிகளில் குமிழ் வேலைப்பாடு. பல கட்டாரிகளின் அலகோ ஐரோப்பாவில் செய்தது. உடைந்துபோன பரங்கி வாளின் துண்டை வெட்டி, தஞ்சைக் கொல்லர் தம் கைப்பிடியில் பொருத்தியிருக்கிறார். சில அலகுகளில் ‘அந்திரேயா ஃபெராரா’ என்ற இத்தாலியப் பெயர்கூடப் படிக்கும்படி இருக்கிறது. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த இரும்பு வாள்களும் எழும்பூருக்குத்தான் வந்தன.

இந்தக் கட்டாரிகளில் ஒன்றின் நீளத்தையும் எடையையும் இன்றிரவே அறிய வேண்டும் என்றால் எனக்கு எளிதான வழி, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் இணையப் பதிவைத் திறப்பதுதான். 1935-இல் ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் என்ற சேகரிப்பாளர் விட்டுச்சென்ற தென்னிந்தியக் கட்டாரிகள் பல அங்கே உள்ளன. ஒவ்வொன்றுக்கும் நீளம், அகலம், கிராம் கணக்கில் எடை எல்லாம் எழுதியிருக்கிறார்கள். 2017 முதல் காப்புரிமைத் தடையில்லாத படங்களை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டும் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் லீட்சில் உள்ள ராயல் ஆர்மரிஸ் படைக்கலக் காட்சியகத்தின் பதிவுகளும் அவ்வாறே இணையத்தில் உண்டு. எடை எதற்கு என்று கேட்கலாம். போலியைக் கண்டுபிடிக்க முதல் கருவி எடைதான். போரில் வீசிய தல்வார் பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டியே இருக்கும். கைப்பிடியருகே தடித்து நுனி நோக்கி மெலியும். சுற்றுலா நகரங்களில் பழையது என்று விற்கப்படும் புதிய வாள் இரும்புப் பட்டை போல் ஒரே தடிப்பில் கனக்கும். நீரோட்டத்தையும் அமிலத்தால் மேலுக்கு வரைந்திருப்பார்கள். இதைத் தெரிந்துகொள்ள ஆங்கிலம் தெரிய வேண்டும் என்ற நிலையில், பூசாரியும் பட்டறைக்காரரும் என் மாமாவும் எங்கே போய்க் கேட்பார்கள்?

நம் ஊரிலேயே வேறொரு சான்றும் இருக்கிறது. அதை வாள் ஆர்வலர்கள்கூட அதிகம் பயன்படுத்துவதில்லை. செங்கம் வட்டாரத்து நடுகற்களில் வீரன் கையில் வாளும் கேடயமும் செதுக்கி, பக்கத்தில் மன்னனின் ஆட்சியாண்டையும் எழுதி வைத்திருக்கிறார்கள். திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத் தூண்களில் குதிரை வீரர்களும் காலாட்களும் விலங்குகளோடு பொருதும் காட்சிகளில் வாளும் கட்டாரியும் பிடியோடும் நுனியோடும் தெளிவாகத் தெரிகின்றன. எஃகு அழிந்தாலும் கல் அதன் வடிவத்தைக் காத்து வைத்திருக்கிறது. இன்ன நூற்றாண்டில் இன்ன வடிவம் என்று கல்வெட்டறிஞர்களும் அருங்காட்சியகத்தாரும் சேர்ந்து ஒரு படத்தொகுப்பு செய்தால், பெட்டிக்குள் கிடக்கும் வாளை வைத்துக்கொண்டு விழிப்பவருக்கு அதுவே முதல் துணையாகும்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். 2023 மே மாதம் லண்டன் போனாம்ஸ் ஏலத்தில் திப்பு சுல்தானின் படுக்கையறை வாள் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்குப் போனது முதல், வளைந்த வாள் வைத்திருப்பவர் எவரும் தம்முடையதைத் திப்புவின் வாள் என்று சொல்லத் துணிந்துவிட்டார். அந்த வாளுக்கு அந்த விலை வந்தது, 1799-இல் திப்புவின் தலைநகரான திருவரங்கப்பட்டணம் (ஸ்ரீரங்கப்பட்டணம்) வீழ்ந்தபின் அது தளபதி டேவிட் பேர்டுக்கு அளிக்கப்பட்டது என்ற செய்தி அலகிலேயே பொறிக்கப்பட்டிருந்ததால். எழுத்து இருந்தது, விலை வந்தது. எங்கள் மாமா இருநூறு ரூபாய் கொடுத்து அழித்ததும் எழுத்தைத்தான். 2025-இல் நாகபுரி ரகுஜி போன்ஸ்லேயின் வாள் லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது, மகாராட்டிர அரசு சுமார் 47 லட்சம் ரூபாய் செலவில் அதை மீட்டு வந்தது. பாராட்ட வேண்டிய செயல். ஆனால் வெளிநாட்டு ஏலத்தில் இருப்பதை வாங்குவதற்கு ஆகும் பணத்தில் சிறு பங்கு இருந்தால், நம் கிராமப் பெட்டிகளில் இருப்பவற்றைப் படமெடுத்துப் பதிந்து விடலாம்.

ஆகவே நான் கேட்பது பெரிதல்ல. அரசு அருங்காட்சியகங்களில் உள்ள படைக்கலன்கள் ஒவ்வொன்றுக்கும் இருபுறப் படம், அளவு, எடை, கிடைத்த இடம் ஆகியவற்றைத் தமிழில் இணையத்தில் வெளியிட வேண்டும். மாதம் ஒரு நாளாவது, மக்கள் தம் வீட்டு வாளின் படத்தைக் கொண்டுவந்து காட்டி விளக்கம் கேட்க ஒரு மேசை போட வேண்டும். கேட்க வருபவரைக் குற்றவாளி போல் நடத்தக் கூடாது. சட்டம் என்ன சொல்கிறது என்பதை உள்துறை ஒரே பக்கத்தில் எளிய தமிழில் எழுதி, ஆயுத பூசைக்கு முன் ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டலாம். தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த ஆண்டு ஆயுத பூசைப் படத்தை எடுக்கப் போகும் நிருபர், துலக்குவதற்கு முன்பே போய், வாள்கள் இருந்தபடியே ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டும். அதன்பின் பூசாரி தேய்த்தாலும், அழியவிருந்த எழுத்து தங்கள் கோப்பிலாவது மிஞ்சும்.

இரண்டாவது வாளின் படங்கள் நான்கை இத்துடன் இணைத்திருக்கிறேன். மொத்த நீளம் 88 சென்டிமீட்டர், எடை 910 கிராம். அலகு சற்றே வளைந்தது. முதுகுப்புறம் கைப்பிடியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு வேலைப்பாடுள்ள தகடு ஓடுகிறது. கவ்வும் தகடுகளில் இடப்புறம் மூன்று ஆணிகளும் வலப்புறம் இரண்டும் எஞ்சியுள்ளன. கைப்பிடிக் குமிழின் அடியில் தேய்ந்த எழுத்துகள் நான்கு தெரிகின்றன. முதலெழுத்து ‘வி’ என்று எனக்குப் படுகிறது, என் நண்பர் ‘லி’ என்கிறார். இடம் இருந்தால் நான்காவது படத்தை மட்டும் சற்றுப் பெரிதாக வெளியிட வேண்டுகிறேன். படித்துச் சொல்லக்கூடிய வாசகர் தங்கள் முகவரிக்கே எழுதட்டும். வீட்டில் வாள் இருப்பது ஊரறிய வேண்டாம் என்று மாமா கேட்டுக்கொண்டதால் என் பெயரையும் ஊரையும் வெளியிடாதிருக்கக் கோருகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்